ராணிக்குக் கட்டிய மாவிலை

நம் வயதுக்காரர்கள் சட்டைக் கையைச் சற்று மேலே தூக்கினால் தெரியும். தோளுக்குக் கீழே, நாலணாக் காசு அளவில், ஓரம் சுருங்கிய ஒரு தழும்பு. சிலருக்கு இரண்டு இருக்கும். அம்மை குத்திய தழும்பு. என் பிள்ளைகளில் மூத்தவனுக்கு அது உண்டு, இளையவளுக்கு இல்லை. அவள் பிறப்பதற்குள் அந்த நோயே ஒழிந்துவிட்டது என்று குத்துவதை நிறுத்திவிட்டார்கள். என் தங்கைக்கும் அந்தத் தழும்பு இல்லை. அவளுக்கு ஏன் இல்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு ராணி வந்த சித்திரையிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் மோகனூரிலிருந்து ஆற்றை ஒட்டி மூன்று மைல். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் வாய்க்கால், நடுவில் கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஐந்து. நாட்டில் ராஜாக்கள் யாரும் அப்போது ஆளவில்லை. ஆனாலும் அரண்மனைகளில் ஆட்கள் இருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மேற்கே ஒரு பழைய சமஸ்தானத்து ராணியிடம் தோட்ட மேனேஜராக வேலை பார்த்தார். ராணி கணவரை இழந்தவர், வெள்ளைச் சேலைதான் உடுத்துவார், தர்ம காரியங்களில் ஈடுபாடு உள்ளவர் என்று மேனேஜர் லீவுக்கு வரும்போதெல்லாம் சொல்வார்.

அதற்கு முந்தின ஐப்பசியில் எங்கள் ஊர் மணியக்காரரின் மருமகளுக்குப் பிரசவ வலி எடுத்தது. நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். மழை பெய்து வண்டித்தடம் சேறாகிக் கிடந்தது. பாதி வழியில் வண்டியிலேயே அவள் இறந்துபோனாள். பிள்ளையும் தங்கவில்லை. அந்த வருஷம் அப்படிப் போனவள் அவள் ஒருத்தி மட்டுமல்ல. மேனேஜர் இதை ராணியிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் இரண்டு அறை வைத்து ஒரு பிரசவ விடுதி கட்டித்தர ராணி சம்மதித்தார். தை மாதத்துக்குள் கட்டிடம் எழுந்துவிட்டது. சித்திரையில் ராணியே வந்து திறப்பார், நர்சம்மாவையும் கையோடு அழைத்து வந்து விட்டுப்போவார் என்று கடிதம் வந்தது. திறப்பு விழா நடந்தால்தான் நர்சம்மா. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லப்போகிற ஆட்கள் கெட்டவர்கள் அல்ல.

வரவேற்புக் குழு போட்டார்கள். மணியக்காரர் தலைவர். என் அப்பா செயலாளர். விவசாயிதான், ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர் என்பதால் வரவேற்பு மடல் எழுதும் வேலை அவருக்கு வந்தது. அதை மாட்டுக் கொட்டகையில் நின்று சத்தமாக வாசித்துப் பழகுவார். மாடுகள் அசைபோட்டுக்கொண்டே அவரைப் பார்க்கும். மாட்டுக்கெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது, உங்களுக்குத்தான் இன்னும் ஆகவில்லை என்று அம்மா சாணி அள்ளிக்கொண்டே சொல்வாள். அப்பாவும் சிரிப்பார். அந்த மாதம் எங்கள் வீட்டில் எல்லாரும் நிறையச் சிரித்தோம்.

ராணி காரைவிட்டு இறங்கியதும் பன்னீர் தெளிக்க ஒரு பெண் பிள்ளை வேண்டும். என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் மற்ற பெண்களுக்கு இது பொறுக்கவில்லை. "அப்பன் எழுதறாரு, மக தெளிக்கறா. மாட்டையும் கூட்டிட்டு வந்து ஆடச் சொல்லுங்க" என்றாள் ஒருத்தி. எனக்குப் பெருமையில் காது கேட்கவில்லை. சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை வலப்பக்கம், மூன்று தடவை இடப்பக்கம் என்று தெளித்துப் பழகினேன். தங்கை எதிரில் ராணியாக நிற்பாள். வெள்ளைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தாடையைத் தூக்கி, மெதுவாக நடந்து வருவாள். என்னைவிட அவள்தான் நன்றாகச் செய்தாள்.

பங்குனிக் கடைசியில் அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வந்தார். வருஷா வருஷம் வருகிறவர்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முன்பே குத்தியாகிவிட்டது. பள்ளிக்கூடம் சேராத சிறிசுகளுக்குத்தான் பாக்கி. எங்கள் தங்கைக்கும் பாக்கி. அதற்கு முந்தின வருஷம் அவர் வந்தபோது அவள் கரூரில் மாமன் வீட்டில் இருந்தாள். மணியக்காரர் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து, இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குத்தினால் கை வீங்கும், காய்ச்சல் வரும், பிள்ளைகள் சுருண்டு படுத்துக்கொண்டால் ராணி வரும்போது வாசலில் யார் நிற்பது, விழா முடிந்ததும் வாருங்கள் என்றார். அப்பாவும் பக்கத்தில் இருந்து தலையாட்டினார். அம்மை குத்துகிறவர் மோரைக் குடித்துவிட்டு, பையைத் திறக்காமலே போனார்.

ராணி வர ஒன்பது நாள் இருக்கும்போது எதிர்வீட்டில் அம்மை போட்டது. எதிர்வீட்டு அத்தையின் மகன், நாலு வயது. ஆனால் அது அன்றைக்குத் தெருவில் யாருக்கும் தெரியாது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வீட்டில் அம்மை கண்டால் நிலைப்படியில் வேப்பந்தழை கட்டுவார்கள். அம்மன் வந்திருக்கிறாள் என்று பொருள். அந்தத் தழையைப் பார்த்தால் யாரும் உள்ளே போகமாட்டார்கள். அந்த வீட்டில் தாளிக்கமாட்டார்கள். அங்கிருந்து நெருப்போ உப்போ பாத்திரமோ எதுவும் வெளியே வராது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிகிறவரை அப்படித்தான். அதைச் சாமி காரியம் என்று நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தூரத்திலிருந்தே புரிகிற அறிவிப்பு அது. தெருவையே காப்பாற்றி வந்தது அந்த ஒரு கொத்துத் தழைதான் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மை கண்டால் மணியக்காரரிடம் சொல்ல வேண்டும், அவர் மேலிடத்துக்கு எழுத வேண்டும். எதிர்வீட்டு மாமன் அன்று காலையே போய்ச் சொல்லியிருக்கிறார். மணியக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். ராணி வருகிற பாதையில் அம்மை என்று தெரிந்தால் அரண்மனைக்காரர்கள் பயணத்தையே நிறுத்திவிடுவார்கள், நர்சம்மாவும் வரமாட்டார் என்று மூன்று பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வேப்பந்தழையை வீட்டுக்கு உள்ளே கட்டிக்கொள்வது. வெளியே தெரியவேண்டாம். அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது. ஒன்பதே நாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

மறுநாளே தெரு முழுக்க மாவிலைத் தோரணம் கட்ட ஏற்பாடாயிற்று. ஒரு வண்டி நிறைய மாவிலை வந்து இறங்கியது. பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து வாழை நாரில் கோத்தோம். மாவிலைக் காம்பைக் கிள்ளும்போது வரும் பால் விரலில் பட்டுக் கறுத்துப்போகும், லேசாக எரியும். அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் ஏணி வைத்து ஒவ்வொரு வாசலாகக் கட்டிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டு நிலையிலும் அப்பாதான் கட்டினார். நான் கீழே நின்று தோரணத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அம்மாவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. நாலைந்து நாள் கழித்து, சாப்பாடு போட்டுக்கொண்டே அப்பாவிடம் கேட்டாள்.

"ஏனுங்க, எதிர்த்த ஊட்டுல தாளிக்கற வாசமே காணமே. அண்ணியையும் வெளியில பாக்க முடியல."

"ஏதோ விரதம்னு சொன்னாங்க" என்றார் அப்பா. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சித்திரையில என்ன விரதம்?"

"அவங்க தாய் ஊட்டு வழியில உண்டாமா. நீ போயித் தொந்தரவு பண்ணாத."

அம்மா அத்தோடு விட்டுவிட்டாள். அவளுக்கு விழா வேலை தலைக்கு மேல் இருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம். மேனேஜர் வந்து சேர்ந்திருந்தார். பன்னீர் புட்டி கொண்டுவந்தவர் பன்னீர்ச் செம்பை மறந்துவிட்டார். எங்கள் வீட்டுச் செம்புக்குக் கழுத்து ஒடிந்து பல வருஷம் ஆகியிருந்தது. தெருவில் நல்ல செம்பு எதிர்வீட்டு அத்தையிடம்தான் இருந்தது. அவர் கல்யாணத்துக்குச் சீராக வந்தது. வெள்ளி முலாம் பூசியது, கழுத்து நீளமாக வளைந்து, நுனியில் தாமரை மொட்டுப் போல ஓட்டைகளோடு இருக்கும். அப்பா பந்தல்காரர்களோடு ஆற்றங்கரைக்குப் போயிருந்தார். அம்மா வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்த்தாள். மாவிலைதான் தொங்கியது. விரதம் என்றால் செம்பு கேட்கக்கூடாதா என்ன, ஓடிப்போய் வாங்கி வா என்றாள். தங்கை என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து யார் என்று குரல் வந்தது. செம்பு கேட்டு அம்மா அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டேன். பிள்ளைகள் அப்படித்தான் போவோம்.

வெயிலிலிருந்து போனதால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. வாசனைதான் முதலில் வந்தது. மஞ்சளும் வேப்பந்தழையும். பிறகு கண்ணுக்குப் பிடிபட்டது. நடு அறையின் நிலையில், நடுவிட்டத்தில், கட்டில் காலில், எங்கும் வேப்பந்தழை. அறைக்குள் தரையில் வாழையிலை விரித்திருந்தது. அதன்மேல் ஒரு சின்னக் கால் தெரிந்தது.

அத்தை ஓடிவந்து நடுவில் நின்றார்.

"அங்கயே நில்லு அம்மிணி. உங்கம்மாவா கேக்கச் சொன்னாங்க?"

"ஆமாங்க அத்தை."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

எனக்கு அந்த நிமிஷம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அவர் ஏன் அப்பாவைக் கேட்கிறார் என்று புரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொன்னால் செம்பு கிடைக்காது என்பது புரிந்தது. செம்பு இல்லாவிட்டால் நான் தெளிக்க முடியாது.

"தெரியுமுங்க" என்றேன்.

 அத்தை உள்ளே போய்ச் செம்பை எடுத்துவந்து, என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"புளி போட்டுத் தேச்சு, கொதிக்கற தண்ணி ஊத்திக் கழுவச் சொல்லு. இங்க பாத்தத ஒருத்தருகிட்டயும் சொல்லாத சாமி. ராணி போகட்டும்."

வெளியே வந்ததும் செம்பைத் தான் தூக்கிவருவேன் என்று தங்கை அடம்பிடித்தாள். கொடுத்துவிட்டேன். தெருவைக் கடப்பதற்குள் அதன் நுனியை வாயில் வைத்து நாதஸ்வரம் போல ஊதினாள். அம்மாவிடம் செம்பைக் கொடுத்தேன். புளி போடச் சொன்னதைச் சொன்னேன். கொதிக்கிற தண்ணீரைச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். அம்மை வீட்டுக்குள் போய்வந்தவளை விழாவில் நிறுத்தமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் முழுக்க அந்தச் செம்பைத் தேய்த்தேன். என் முகம் அதில் நீளமாகத் தெரிந்தது.

ராணி காலை பதினோரு மணிக்கு வந்தார். பெரிய கறுப்புக் கார், அதன் பின்னால் இன்னொன்று. புழுதி அடங்கி அவர் இறங்கியபோது எங்களுக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. குள்ளமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெயிலுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். நகை எதுவும் இல்லை. மேளம் அடித்தது. நான் முன்னால் போய் வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் மூன்று தெளித்தேன். ஒரு சொட்டு தெறித்து அவர் கண்ணாடியில் விழுந்தது. அவர் அதைக் கழற்றித் துடைத்தபோதுதான் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன்.

கன்னம், நெற்றி, மூக்கு, எல்லா இடத்திலும் குழி. ராணிக்கு அம்மை வந்து போயிருந்தது.

மேனேஜர் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. எஜமானியின் முகத்தைப் பற்றி ஊரில் பேசுவது மரியாதை இல்லை என்று விட்டிருப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ராணி என் கையைப் பிடித்து, ரவிக்கைக் கையை மேலே தள்ளித் தழும்பைப் பார்த்தார். தலையாட்டினார். அப்புறம் மணியக்காரரைப் பார்த்து, தட்டுத்தடுமாறின தமிழில், "எல்லாக் குழந்தைக்கும் அம்மை குத்தியாச்சா?" என்று கேட்டார்.

"எல்லாம் ஆச்சுங்க" என்றார் மணியக்காரர்.

அப்பா வரவேற்பு மடலை மார்போடு பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். தங்கை அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ராணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ராணி அவள் தலையில் கைவைத்துவிட்டு நடந்தார்.

அப்பா மடலை ஒரு பிசகில்லாமல் வாசித்தார். ரிப்பன் வெட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள். நர்சம்மா ஒரு தகரப் பெட்டியோடு பின் காரிலிருந்து இறங்கினார். ஒரு மணி நேரத்துக்குள் ராணி போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் அம்மா வாசல் தெளிக்கப் போனாள். எதிர்வீட்டு நிலையில் மாவிலைக்கு மேலேயே வேப்பந்தழை கட்டியிருந்தது. அம்மா குடத்தை இறக்கி வைக்காமல் அப்படியே நின்றாள். நான் உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவின் நடுவில் நின்று அவள் கேட்க, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை பதில் சொன்னார். எத்தனை நாளாக என்று அம்மா கேட்டாள். பத்து நாள் என்றார் அத்தை.

"செம்பு கேட்டு என்ற புள்ளைங்கள அனுப்பினனே. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா அண்ணி?"

"உங்க ஊட்டுக்காரருக்குத் தெரியுமே. அவரும் சேந்துதான முடிவு பண்ணுனாங்க. அவரைக் கேளுங்க" என்றார் அத்தை. அழுதுகொண்டே சொன்னார்.

அம்மா வீட்டுக்குள் வந்து அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வாசல் மாவிலையைப் பிய்த்துத் தெருவில் எறிந்தாள். அன்றே அப்பா சைக்கிளில் மோகனூர் போய் அம்மை குத்துகிறவரைத் தேடினார். அவர் கெங்கவல்லிப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டதாகவும், புதிதாக வருகிறவர் வரப் பத்து நாள் ஆகும் என்றும் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் முத்துப் போட்டது. நெற்றியில் தொடங்கி உள்ளங்கால் வரை இடமில்லாமல் போட்டது. எங்கள் வாசலிலும் வேப்பந்தழை ஏறியது. அந்த வைகாசியில் தெருவில் இன்னும் சில வாசல்களில் ஏறியது. காய்ந்து சுருண்ட மாவிலையும் பச்சை வேப்பிலையும் ஒரே நிலையில் தொங்கின.

ஏழாம் நாள் இடது கண்ணில் முத்து இறங்கிவிட்டது என்றாள் அம்மா. புது நர்சம்மா கேள்விப்பட்டு எங்கள் தெருவுக்கு வந்தார். பிரசவம் பார்க்கிறவர் அம்மை வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவருக்கும் தெரியும், தெருவிலேயே நின்றார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, கொஞ்சம் உப்புப் போட்டு, மணிக்கு ஒரு தடவை கண்ணைக் கழுவச் சொன்னார். சீழ் கட்டவிடக்கூடாது, கட்டினால் பார்வை போய்விடும் என்றார். அப்பா அதைக் கேட்டுவந்து அம்மாவிடம் சொன்னார்.

அம்மா செய்யவில்லை. சாமி காரியத்தில் மருந்து கூடாது என்பது ஒரு காரணம். சொன்னது அப்பா என்பது இன்னொரு காரணம். அந்த நாட்களில் அவர் எது சொன்னாலும் அவள் காதில் வாங்குவதில்லை. நர்சம்மா தன் வாயால் சொல்லியிருந்தால் செய்திருப்பாளோ என்னவோ. நான் செய்திருக்கலாம். தண்ணீர் கொதிக்கவைக்க எனக்குத் தெரியும்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிந்தபோது இடது கண் பால் போல வெளுத்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மாவிலை கட்டியதில்லை. பொங்கலுக்கும் இல்லை. என் கல்யாணத்துக்கு வெறும் தென்னங்குருத்துத் தோரணம்தான். அம்மா அப்பாவோடு மறுபடி பேசத் தொடங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அம்மை குத்துகிறவர் வந்தால், தன் வேலையை விட்டுவிட்டு அவரோடு வீடு வீடாகப் போவார். பிள்ளைகளை ஒளித்துவைக்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளை வெளியே வருகிறவரை எழுந்திருக்கமாட்டார். மணியக்காரரைப் பற்றி ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. அந்த விடுதி வந்த பிறகு வண்டியில் யாரும் சாகவில்லை. என் மூத்தவன் பிறந்ததும் அங்கேதான். அந்த அறையில் ராணியின் படம் மாட்டியிருந்தார்கள். படத்தில் முகம் வழவழவென்று இருந்தது.

நான் அத்தையிடம் சொன்ன பொய்யை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அம்மா அப்பாவைக் குற்றம் சொன்னாள், அப்பா தன்னையே நொந்துகொண்டார், அத்தை சாகும்வரை எங்கள் வாசல்படி ஏறவில்லை. மூன்று பேர் சுமந்ததில் நாலாவது பங்கு என்னுடையது. மூன்று பேரும் அது தெரியாமலே போய்விட்டார்கள்.

என் பிள்ளைகளைக் கேட்டால் என்னைப் பற்றி வேறு விதமாகச் சொல்வார்கள். சின்ன வயதில் அவர்கள் எந்த வீட்டுக்கு விளையாடப் போனாலும், அங்கே யாருக்காவது காய்ச்சலா, இருமலா என்று நான் முதலில் போன் செய்து கேட்பேன். அவர்களுக்கு அது பெரிய அவமானம். ஊசி போட்ட அட்டைகளை இன்றும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். மகனுக்கே இப்போது கல்யாணமாகிவிட்டது.

தங்கை நன்றாகப் படித்தாள். நாமக்கல்லில் பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணம்தான் தள்ளிப் போயிற்று, ஆனாலும் நல்ல இடம் அமைந்தது. ஒரே மகள். போன மாதம் அந்தப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். நான் முந்தின நாளே போயிருந்தேன். காலையில் மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம் தங்கை சமையலறையிலிருந்து ஒரு பன்னீர்ச் செம்பைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். வெள்ளி முலாம் உதிர்ந்து பித்தளை தெரிந்தது. நீண்ட கழுத்து, தாமரை மொட்டு.

எங்கள் வீட்டுப் பரணில் கிடந்ததாம். எதிர்வீட்டு அத்தை திருப்பிக் கேட்கவே இல்லை, அம்மாவும் கொடுக்கவில்லை. பாகம் பிரித்தபோது இவள் எடுத்துவந்து இத்தனை வருஷம் வைத்திருக்கிறாள். என்னால் அதைக் கையில் வாங்க முடியவில்லை. என்ன என்று கேட்டாள். வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்கிறது, உள்ளே ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், அந்த நேரத்தில் நான் அவளிடம் சொன்னேன். அத்தை கேட்டதையும், நான் தெரியும் என்று சொன்னதையும், கொதிக்கிற தண்ணீரைச் சொல்லாமல் விட்டதையும். நாற்பத்தைந்து வருஷம் கழித்து, நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டேன்.

அவள் செம்பை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியுமே. நானும்தான கூட வந்தேன்" என்றாள்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"வேப்பந்தழைய நீ பாக்கறதுக்கு முந்தி நான் பாத்தேன் அக்கா. உன்ற பாவாடைய இழுத்து, அக்கா, அம்மைன்னு சொன்னேன். நீ என்ற வாயப் பொத்துன. உனக்கு ஞாபகம் இல்லயா?"

எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனை தடவை அந்த அறைக்குள் மனதால் போய் வந்திருக்கிறேன். அதில் இது இல்லவே இல்லை.

"அம்மாகிட்டயாவது நீ சொல்லியிருக்கலாமே" என்றேன். ஐந்து வயதுப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டேன்.

"சொன்னா உன்னைய உட்டிருக்க மாட்டாங்க. உன்னைய உடலீன்னா எனக்கேது எடம்? எனக்கும் ராணியப் பாக்கோணும்ல." சிரித்தாள். "ரெண்டு கண்ணாலயும் நல்லாப் பாத்தேன். இப்பவும் அந்த மூஞ்சி அப்படியே இருக்குது. வா, அவங்க எறங்கிட்டாங்க."

செம்பை என் கையில் திணித்துவிட்டு, தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வாசலில் போய் நின்றேன். மேலே பார்த்தேன். அவள் வீட்டு நிலையில் மாவிலைதான் கட்டியிருந்தது. வந்தவர்கள் மேல் தெளித்தேன். பெரியவர்கள் கடந்துபோன பிறகு ஓர் இளம் பெண் குழந்தையோடு ஏறி வந்தாள். ஐந்து வயது இருக்கும் அந்தக் குழந்தைக்கு. தன் மேலும் தெளிக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது. நான் தெளிக்காமல் அதன் அம்மாவைப் பார்த்தேன்.

"பாப்பாவுக்கு ஊசியெல்லாம் போட்டாச்சுங்களா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் திகைத்துப்போனாள். பிறகு, வயசான ஏதோ சொந்தக்காரி என்று நினைத்திருப்பாள், சிரித்தாள்.

"எல்லாம் ஆச்சுங்க" என்றாள்.

அட்டையைக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்கத்தான் நினைத்தேன்.